உருத்திரபுரத்தில் ஒரு குடியேற்ற வீடு

இவ்வாண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரையொன்று தரவேண்டுமெனச் சங்க அன்பர்கள் பணித்தபோது, வன்னிச் சரித்திரமென்றாற் பண்டாரவன்னியனையன்றி வேறு யாரை எழுதுவது என்றே முதலில் எண்ணினேன். 1803 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதையும், அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிற் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றதையும் பெரியோர் என்னிலும் நன்கறிவர். ஆதலின் இம்முறை கோட்டையை விட்டு வீட்டுக்கு வருவோமென்று துணிந்தேன். அதுவும் பிறர் வீடன்று, எமது வீடே. தன் வீட்டைத் தானே புகழ்வது முறையோ என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். புகழ்வதற்கு அவ்வீட்டில் ஒன்றுமில்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன். இரண்டு அறையும் ஒரு மண்டபமும் குசினியும் கொண்ட சீமெந்து வீடு. கிளிநொச்சியில் அதுபோல் ஆயிரக்கணக்கான வீடுகளுண்டு. அதனாலேதான் அதன் கதை எழுதத்தக்கதாயிற்று.

கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பாடசாலையிலே கற்றவள் நான். எமக்குச் சரித்திரம் போதித்த ஆசிரியை, எதைச் சொன்னாலும் "சான்று எங்கே, பிள்ளை?" என்று கேட்பார். அப்பழக்கம் பல்கலைக்கழகம் வந்தும் என்னை விடவில்லை. எமது வீட்டுக்குச் சான்று தேடினேன். சுவர்கள் சான்றாகவில்லை, அவை மும்முறை மாறிவிட்டன. மிஞ்சியவை ஒரு கிணறும், பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்த ஒரு பழந் தாளுமே.

கண்டி வீதியிலே கரடிப்போக்குச் சந்தியில் மேற்குப் புறமாகத் திரும்பினால் உருத்திரபுரம் வீதி. நகரத்தின் கடைகளும் ஒலிபெருக்கிச் சத்தமும் சிறிது தூரத்தில் அடங்கிவிட, இரு மருங்கும் வயலும் வாய்க்காலும் தோன்றும். யாழ்ப்பாணத்தில் ஒருவரை முதன்முறை கண்டால் "எந்த ஊர்? எந்தக் கோயிலடி?" என்று கேட்பர். எம்மிடத்தில் "எத்தனையாம் வாய்க்கால்?" என்பதே கேள்வி. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று கடிதவுறையிலும், கலியாண அழைப்பிலும், மரண அறிவித்தலிலும் எழுதுகிறோம். ஊருக்குப் பெயர் வைப்பதற்கு முன் நீர்ப்பாசன இலாகா இலக்கம் வைத்துவிட்டது. அந்த இலக்கங்களே எமக்குக் குலதெய்வப் பெயர்போல் ஆகிவிட்டன.

அவ்வாய்க்கால்களுக்கெல்லாம் தாய் இரணைமடு. இரணை என்றால் இரட்டை. கனகராயன் ஆற்றுப் படுகையில் அருகருகே கிடந்த இரு மடுக்களை ஓரணையால் ஒன்றாக்கியதால் வந்த பெயர் அது. 1902 இல் தொடங்கிய வேலை முடிந்து, குளத்து நீர் வயலுக்குப் பாய்வதற்கு 1920கள் ஆயின. அதற்கிடையில் 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதையும் காட்டை ஊடறுத்து வந்துவிட்டது. நீரும் வந்தது, றெயிலும் வந்தது, ஆட்கள் வரவில்லை. காரணம் மலேரியாக் காய்ச்சல். வன்னிக்குப் போனவன் ஈரல் வீங்கித் திரும்புவான் என்பது தீபகற்பத்தார் பேச்சு. 1930களிற் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியபோது வந்த முன்னோடிகளிற் பலர் இந்நோயாற் கைவிட்டு ஓடினர் என்று முதியோர் சொல்வர். 1946 முதல் டி.டி.ரி. மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்ட பின்னரே, பெண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து குந்தலாம் என்ற துணிவு பிறந்தது. எமது குளத்தையும் சட்டத்தையும் புகழ்வோர் அந்த மருந்துப் பம்பியை மறந்துவிடுகின்றனர்.

அம்மாவின் தந்தையாராகிய என் பேரனார் 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே தீவுப்பகுதியிலிருந்து வந்தவர். அங்கே அவருக்கிருந்தது நான்கு பரப்புக் காணியும் ஐந்து சகோதரரும். இங்கே காட்டை வெட்டி ஒப்படைத்த வயலும், வீடு கட்டுவதற்கு மேட்டுக்காணியும் கிடைத்தன. அக்காலக் குடியேற்றங்களிற் பொதுவாக ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேடும் கொடுத்தனர். 1953 அளவில் அது மூன்றும் இரண்டுமாகக் குறைந்தது. பரப்புக் கணக்கிற் பிறந்தவருக்கு ஏக்கர் கணக்குத் தலை சுற்றும் விடயமே. முதல் இரவு கொட்டிலுக்குள் படுத்தபோது யானை பிளிறியதாம். "அண்டைக்கு உங்கட பேரன் நித்திரை கொள்ளேல்லை; காணியைக் கைவிடவுமில்லை" என்பார் அம்மம்மா.

காட்டுத்தடியும் பனையோலையும் கொண்ட அக்கொட்டிலே எம் முதல் வீடு. சில காலத்துக்குப் பின் அரசாங்கம் கட்டிய இரண்டறை வீடு வந்தது. முன்னுக்கொரு விறாந்தை, மேலே ஓடு. பக்கத்து வீடும் அப்படியே, அதற்கடுத்த வீடும் அப்படியே. நாற்சார் வீட்டிலே முற்றத்தை நடுவில் வைத்துப் பழகிய எம்மவருக்கு அது வெறும் பெட்டியாகத் தோன்றியது. ஆகவே ஒவ்வொருவரும் பின்கோடியிலே தத்தம் ஊர் முறைப்படி ஒரு தாழ்வாரத்தை இறக்கி, அடுப்பங்கரையைக் கட்டி, முன்னால் வேலிக்குக் கிளுவையும் பூவரசும் நட்டனர். வேலியைப் பார்த்தே இது வடமராட்சியார் வீடு, இது தீவார் வீடு என்று அம்மம்மா சொல்லிவிடுவார். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அதே புயல் வன்னியையும் தாக்கியபோது எம் தாழ்வாரத்துக் கூரை பறந்து வாய்க்காலுக்குள் விழுந்தது; அரசாங்கத்துப் பெட்டி மட்டும் அசையவில்லை. அன்றுமுதல் பேரனார் அதைப் பழிப்பதை நிறுத்திக்கொண்டார்.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். எம்மவர் அதனைப் 'பேர்மிற்' என்பர். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம் அது. காணி அரசுக்குரியது, பயிரிட்டுக் குடியிருக்கும் உரிமை குடியேறியவனுக்குரியது. விற்க இயலாது, ஈடு வைக்க இயலாது, விரும்பியபடி துண்டாடவும் இயலாது. அளவுக்கு மேல் துண்டாடியே கமக்காரன் அழிகிறான் என்பது அக்கால ஆட்சியாளரின் உறுதியான எண்ணம். உலர்வலயக் குடியேற்றங்களை நேரில் ஆராய்ந்து 1957 இல் நூல் வெளியிட்ட பாமர் என்ற ஆங்கிலப் புவியியலறிஞரும் இவ்விடயத்தை விரிவாக ஆராய்ந்தார். நான்கு பரப்பை ஐவர் பங்கிட்ட வீட்டிலிருந்து வந்த என் பேரனாருக்கு இச்சட்டத்தின் நியாயம் விளங்காமலில்லை. ஆனால் அச்சட்டத்தின் அடியில் ஓர் அட்டவணையுண்டு. காணிக்காரன் தன் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால், மனைவிக்குப் பின் யாருக்குச் சேரும் என்பதை அது வரிசைப்படுத்தியது. மகன்மார் முன், மகள்மார் பின், மகன்மாருள்ளும் மூத்தவனுக்கே முதலிடம்.

வாசகர்கள் இவ்விடத்தில் ஒரு கணம் நின்று தேசவழமையை நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்தார் வழக்கிலே வீடு மகளுக்குரியது. சீதனமாக வீடும் வளவும் மகளோடு போகும்; மகன் வேறொரு வீட்டுக்கு மருமகனாய்ப் போவான். அதே மனிதர் ஆனையிறவைக் கடந்து தெற்கே வந்து குடியேறியபோது அவருடைய வீடு மகனுக்குரியதாகிவிட்டது. பாலத்துக்கு அப்பால் ஒரு சட்டம், இப்பால் ஒரு சட்டம். இதனால் எத்தனை குடும்பங்களில் அண்ணனும் தங்கையும் பேச்சற்றுப் போயினர் என்பதை எண்ணினால், கண்ணுக்குத் தெரியாத போரொன்று எம் வேலிகளுக்குள் நெடுங்காலம் நடந்ததெனலாம். சீதனமென்று வாய்ச்சொல்லால் மகளுக்குக் கொடுத்த வளவைத் தகப்பன் இறந்தபின் தமையன் பேர்மிற்றைக் காட்டிக் கேட்டதுண்டு. இரு பக்கத்தாரும் தத்தம் சட்டப்படி நியாயவாளரே.

என் பேரனார் அதிகம் படித்தவரல்லர். ஆயினும் 1980களில், அம்மா பெரியபிள்ளையான காலத்திற் காரியாலயத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளர் பத்தியிலே கடைசி மகளாகிய என் தாயாரின் பெயரை எழுதுவித்துப் பதிந்து வந்தார். கட்டளைச் சட்டத்துக்குள்ளே கதவொன்று இருந்தது. அதன் வழியே அவர் தம் ஊர் வழக்கத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டார். மூத்தவர் இருக்கக் கடைக்குட்டிப் பெட்டைக்கு எழுதினாரென்று வாய்க்கால் முழுவதும் சிரித்ததாம். பெரியமாமா சில மாதம் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. பின்னர் அவரும் கடல் கடந்து போய்விட்டார்.

வீடு வளர்ந்த கதை மிளகாயின் கதை. 1970 இல் வந்த அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கொழும்புச் சந்தையில் மிளகாய் பொன் விலை விற்றது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர்கள் தோட்டஞ் செய்து பேரெடுத்தனர். எம் வாய்க்காலிலே மேட்டுக்காணி முழுவதும் சிவப்பாகக் காய்ந்தது. அந்தப் பணத்தில் அரசாங்கப் பெட்டிக்கு முன்னால் ஒரு மண்டபமும் பக்கத்தில் ஓரறையும் எழுந்தன. நிலத்துக்குச் சிவப்புச் சாந்து பூசினர். கட்டுக்கிணறு வெட்டியதும் அப்போதே. 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்தபோது விலை விழுந்தது. எம் மண்டபத்தின் பின்சுவர் பூசப்படாமலே நின்றதற்கு அதுவே காரணம். இலங்கைப் பொருளாதார வரலாற்றை அறிய விரும்புவோர் அச்சுவரைப் பார்த்திருக்கலாம், இப்போது அதுவுமில்லை.

அயலைப் பற்றி எழுதாமல் வீட்டைப் பற்றி எழுதுவது நெல்லை விட்டு வைக்கோலை அளப்பதாகும். காடு மூடிக் கிடந்த பழஞ் சிவாலயத்தின் சிதைவிலே விளக்கேற்றி, உருத்திரபுரீஸ்வரர் கோயிலை எழுப்பிய குடியேற்றவாசிகளின் பக்தியைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நானும் சொல்லத் தேவையில்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்குச் சைக்கிளிற் போய் வந்தவர்கள், சந்திக் கடையிலே கடனுக்குச் சீனி கொடுத்தவர், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று குளத்து நீரை அளந்து பங்கு பிரிக்கும் கூட்டத்திலே தொண்டை கட்டக் கத்தியவர்கள் என்று எல்லாரும் எம் அயலவரே.

ஆனால் எழுதப்படாத அயலொன்றும் உண்டு. 1958 இலும், அதனிலும் பெருந்தொகையாக 1977 இலும், பின்னர் 1983 இலும் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் அடிபட்டு ஓடிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கிளிநொச்சியிலே தங்கின. மலையாளபுரமும் பாரதிபுரமும் அவர்களாற் பெருகியவை. எம் வாய்க்காற் கரையின் ஒதுக்குக் காணியிலும் சில குடிசைகள் எழுந்தன. எம் வயலை அறுத்தது அவர்கள் கை. மிளகாய்க்குத் தண்ணீர் கட்டியதும் அவர்கள் கை. அவர்களுக்குப் பேர்மிற் இல்லை, வாய்க்கால் இலக்கமுமில்லை. 'தோட்டக்காட்டார்' என்ற இழிசொல் எம் விறாந்தைகளிலே தாராளமாகப் புழங்கியது. காணியற்றுத் தீவிலிருந்து வந்த எம்மவர், ஒரு தலைமுறை கழிவதற்குள் காணியற்று வந்த பிறரை நோக்கி "எவ்விடத்து ஆக்கள்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். குடியேற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே எம் அரசியல் மேடைகள் கொதிக்கும். கல்லோயா முதலாக அதற்கு நியாயமான காரணமுமுண்டு. ஆயினும் நாமும் குடியேற்றவாசிகளே என்பதையும், எமக்குப் பின் வந்தவரை நாம் வரவேற்ற விதத்தையும் இம்மலரிலாவது ஒருமுறை எழுதி வைக்கவேண்டுமென்று விரும்புகிறேன். பெரியோர் பொறுத்தருள்க.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமாயிற்று. எம்மவர் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் போய் மரநிழலில் இருந்தனர். 1998 செப்டெம்பரில் அது புலிகளின் வசமானது. திரும்பி வந்தபோது அரசாங்கப் பெட்டியின் இரு சுவர்களும் மண்டபத்தின் தூண்களும் நின்றன. 2002 இன் போர்நிறுத்தத்துக்குப் பின் பேரனார் மீண்டும் ஓடு போட்டார். வீட்டை இரண்டாம் முறை கூரையிட்டுப் பார்த்த நிறைவோடு 2005 இற் கண்மூடினார்.

நான் கண்ட வீடு அதுவே. ஐந்து வயதுவரை அங்கே வளர்ந்தேன். 2008 இன் பிற்பகுதியில் எறிகணைகள் நெருங்கியபோது, அப்பா கூரையிலேறி ஓடுகளைக் கழற்றிய காட்சி நினைவிருக்கிறது. எல்லாரும் அப்படித்தான் செய்தனர். ஓடு, கதவு, யன்னல், வளை எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். போகுமிடத்தில் மீண்டும் கூரை வேண்டுமன்றோ! தருமபுரத்தில் அக்கூரையின்கீழ்ச் சில வாரம் இருந்தோம். விசுவமடுவில் ஓடுகளில் ஒரு பகுதியை விட்டோம். சுதந்திரபுரத்திற் கதவுகள் பங்கருக்கு மூடியாயின. அதன் மேல் மண்மூட்டை அடுக்கினோம். வளைமரங்கள் எங்கே போயின என்பது அம்மாவுக்கும் நினைவில்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதி நெடுகிலும் எம் வீடு சிறிது சிறிதாகச் சிந்திக்கொண்டே போயிற்று. 2009 சனவரி 2 ஆந் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது நாம் விசுவமடுவுக்கு அப்பால் இருந்தோம். மாத்தளனில் அப்பாவை இழந்தோம். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் இயலாது.

அம்மம்மாவின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் அடையாள அட்டைகள், எமது பிறப்புச் சான்றிதழ்கள், பொலித்தீனிற் சுற்றிய பேர்மிற். கடல்நீரேரியைக் கடந்தபோது அதைத் தலையில் வைத்திருந்தார். செட்டிகுளத்து முகாமிலே தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். அரிசி வாங்கும் வரிசையில் நிற்கும்போது என் கையில் தந்து, "பிள்ளை, இது வீடு, கவனம்" என்பார். ஐந்தரை வயதுக்காரிக்கு அது எவ்வாறு வீடாகும் என்பது விளங்கவில்லை.

2010 இல் திரும்பினோம். நகரத்திலே விழுந்து கிடந்த பெரிய நீர்த்தாங்கியைச் சிலகாலம் பார்வைப் பொருளாக வைத்திருந்தனர். வெளியூரார் நின்று படம் எடுப்பர். எம் வளவிலே பார்க்க ஒன்றுமில்லை. வீடிருந்த இடம் ஆளுயரப் பற்றை. கிணற்றுக்கட்டைக் கொண்டே அறை எங்கே, குசினி எங்கே என்று அம்மா அடி அளந்து காட்டினார். மீள்குடியேறியோருக்கு 25,000 ரூபா உதவிப்பணமும் தகரங்களும் கிடைத்தன. பழைய சிவப்புச் சாந்து நிலத்தின் மேலேயே தகரக் கொட்டில் போட்டோம். கிணற்றை இறைக்க நான்கு அயலவர் வந்தனர். நால்வரும் வாய்க்காற் கரைக் குடிசைக்காரர். சேற்றுடன் ஒரு குடமும், சைக்கிட் சக்கரமும், ஓட்டுத் துண்டுகளும் வந்தன. மூன்றாம் நாள் நீர் தெளிந்தது. கூலி என்று எதுவும் அவர்கள் வாங்கவில்லை.

பின்னர் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள். வீடொன்றுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறத் தவணையாக. வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும். சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் மாதந்தோறும் ஏறின. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, கடனும் பட்டோம். எம் அயலில் அத்திட்டத்தில் வீடு கட்டிக் கடன்படாதவரைக் காண்பதரிது. ஆயினும் எமக்கு அந்த வீடு விரைவிற் கிடைத்தது. காரணம் அந்தத் தாள். பிரதேச செயலகத்து இடாப்பிலும் பேர்மிற்றின் பின்பக்கத்திலும் அம்மாவின் பெயர் ஒன்றாயிருந்தது. கணவனை இழந்து இரு பிள்ளைகளோடு நின்றவரை நோக்கி, "காணி உம்முடையதா?" என்று எவரும் கேட்க இடமிருக்கவில்லை. கடைக்குட்டிப் பெட்டைக்கு எழுதினாரென்று சிரித்தவர்களின் மக்களிற் சிலர், தமையனின் சம்மதக் கடிதம் வெளிநாட்டிலிருந்து வருமட்டும் தகரத்தின்கீழ் இருந்தனர். எம் கிணற்றை இறைத்த நால்வரின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. காணிப் பத்திரமில்லாதவருக்கு வீட்டுத்திட்டமும் எளிதில் எட்டவில்லை. ஒதுக்குக் காணிக்குப் பதிலாக வேறிடம் கிடைத்து இருவர் வீடு கட்டிவிட்டனர். மற்ற இருவருடைய தகரக் கூரைகளை வாய்க்காலுக்கு அப்பால் எம் விறாந்தையிலிருந்தே காணலாம்.

2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் பரவியபோது அவ்விரு குடும்பத்தாரும் எம் மண்டபத்தில் வந்து தங்கினர். அம்மம்மா அதற்கு நான்காண்டுக்கு முன்னரே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அறியேன். பழைய சொல்லொன்று அவர் வாயிலும் கடைசிவரை இருந்தது.

2022 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டது. மகன், மகள் என்ற முன்பின் நீங்கி, பிள்ளை என்ற ஒரே சொல் வந்தது. எண்பத்தேழு ஆண்டு சென்றது, அச்சொல் வர. செய்தியைப் பத்திரிகையில் வாசித்துக் காட்டியபோது அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அப்பு அதை அண்டைக்கே எழுதிப்போட்டார்" என்றார்.

பேர்மிற் இப்போது அம்மாவின் பெயரில் மாறியிருக்கிறது. புதிய தாளிலும் பின்னுரித்தாளருக்கு ஒரு பத்தியுண்டு. எனக்கொரு தம்பி இருக்கிறான். இருவருக்கும் வீடு பிரியம். அப்பத்தி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நாங்கள் இருவரும் அதைப்பற்றி அம்மாவிடம் கேட்பதில்லை.